ஷேர் ஆட்டோ அக்காவுக்கு ஒரு ரெக்கார்டர்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. தினமும் நான் ஏறும் ஷேர் ஆட்டோவை ஓட்டுபவர் ஒரு அக்கா. நேற்று வண்டியில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், எந்த மாமியார் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார் என்று ஓட்டிக்கொண்டே சொல்லி வருவார். முன்னால் டிரெய்லர், பின்னால் டேங்கர், காலுக்கடியில் இன்ஜின். எல்லாவற்றையும் மீறி அவர் குரல் கடைசி சீட்டுக்கு வந்து சேரும்.

இதைப் பாட்காஸ்டாகப் போடலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்டின்னா இன்னா?"

"ரேடியோ மாதிரிக்கா. போன்ல கேப்பாங்க."

"மூஞ்சி தெரியாதுல்ல? அப்ப சரி."

முதலில் என் போனிலேயே பதிவு செய்தோம். கதை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒரு பெண் அழைத்தாள். அக்கா போனைப் பிடுங்கி, "கத சொல்லிகினு கீறேன், அப்பால பண்ணும்மா" என்றார். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், அழைப்பு வந்த இடத்தோடு பதிவு நின்றிருந்தது. அதுவரை பதிவானதும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது.

தனியாக ஒரு ரெக்கார்டர் வாங்குவதென்று முடிவாயிற்று. என் சம்பளத்துக்கு ஏற்றது எது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். எல்லாரும் திரை போட்ட அமைதியான அறையில் உட்கார்ந்து, ரகசியம் பேசுகிற குரலில் அதன் அருமை பெருமைகளைச் சொன்னார்கள். லாரிகள் இரையும் எர்ணாவூர் பாலத்தின் மேல் வைத்து யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பேனா மாதிரி மெலிதான ஒன்றை முதலில் எடுத்து வைத்தார்.

"எறும்பு ஊர்ற சத்தம்கூட இதுல கேக்கும்க்கா, பாத்துக்கிடுங்க."

"எறும்பு ஊர்றத கேட்டுகினு நான் இன்னா நைனா பண்ணப் போறேன்?" என்றார் அக்கா.

"சும்மா ஏதாச்சும் பேசிப் பாருங்க."

என்ன பேசுவது என்று அக்கா ஒரு கணம் யோசித்தார். பிறகு, "டோல்கேட்! தேரடி! எர்ணாவூர்! எண்ணூர்!" என்று தினமும் ஆள் ஏற்றக் கூவும் நிறுத்தங்களையே கூவினார். ஹெட்போனை மாட்டியிருந்த கடைக்காரர் அதைப் பிடுங்கி எறிந்தார். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் தாங்காமல் பதிவு கிழிகிறது என்று அதற்கு அர்த்தமாம். அதற்குள் பையோடு ஒருவர் கடைக்குள் எட்டிப் பார்த்து, "எண்ணூர் வண்டி எங்கம்மா நிக்குது?" என்று கேட்டார்.

அடுத்தது நாலு மைக் வைத்த பெரிய ரெக்கார்டர். அதில் இருந்த பொத்தான்களைப் பார்த்தே எனக்குத் தலை சுற்றியது. விலையைக் கேட்டதும் சுற்றுவதே நின்றுவிட்டது. கடைசியாக உள்ளங்கையில் அடங்கும் சின்னது ஒன்றைக் கொண்டுவந்தார் கடைக்காரர். "இதுல சத்தத்த கூட்டிக் குறைக்கவே வேண்டாம். என்ன கத்து கத்தினாலும் கிழியாது" என்று சொல்லிவிட்டு, இந்த முறை ஹெட்போனை என் தலையில் மாட்டினார். அக்கா எண்ணூர் வரை கூவி முடித்தார். ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. கடல் காற்று மைக்கில் இரையாமலிருக்க, ரெக்கார்டருக்கு மாட்டும் ரோமத் தொப்பி ஒன்றையும் சேர்த்து வாங்கினோம்.

மறுநாள் சாயங்காலம் கடலோரம் வண்டியை நிறுத்தி, ரெக்கார்டரை அக்கா கையில் கொடுத்தேன். அவர் முந்தானையைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, "அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் ஓட்டுநர் ஆவேன்" என்றார். அதுவும் கிசுகிசுப்பாக.

"அக்கா, எப்பவும் பேசற மாதிரி பேசுக்கா."

"பேஜாரா கீது கண்ணு. அது என்னையே பாக்குது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது பின்பக்கமாக வந்த ஒரு லாரி எங்கள் ஆட்டோவை லேசாக இடித்தது. அக்கா ரெக்கார்டரோடு குதித்து இறங்கினார். அடுத்து அவர் பேசியதில் பாதியை இங்கே எழுத முடியாது. லாரிக்காரர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா அது, எலிக்குட்டியா?"

"ரேடியோய்யா! கத சொல்றதுக்கு."

"எங்கிட்டயும் ஒரு கத கீது. சொல்லட்டா?"

இடித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு எங்கள் ஆட்டோவிலேயே ஏறி உட்கார்ந்தார். துறைமுகக் கேட்டில் லாரியோடு வரிசையில் காத்துக் கிடந்தபோது போனிலேயே தன் தங்கை கல்யாணத்தைப் பேசி முடித்த கதையைச் சொன்னார். அக்கா விடுவாரா? இடைமறித்து, தன் வண்டிக்குள்ளேயே ஒரு குடும்பம் பெண் பார்த்த கதையைச் சொன்னார். இருட்டும்வரை இருவரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள்.

வீட்டில் உட்கார்ந்து கெட்ட வார்த்தைகளை மட்டும் வெட்டினேன். சண்டையில் தொடங்கி அப்படியே முதல் பகுதியாகப் போட்டேன். மறுநாள் காலை அக்காவின் காதில் ஹெட்போனை மாட்டினேன். தன் குரலை அவர் முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் முகம் மாறிவிட்டது.

"இவ்ளோ சத்தமாவா பேசறேன்? இத்தினி வருசமா ஒருத்தர்கூட சொல்லலியே!"

தெரு முழுக்கக் கேட்டது.