ஜமால் பாயின் கல்யாணப் பத்திரிகைகள்

"எந்தக் கல்யாணத்துக்குப் போவணும்?"

தார்ப்பாயை அளந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்கிறார் ஜமால் முகமது. கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்பவருக்கு எந்தக் கல்யாணத்துக்கும் அழைப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மிதிக்க ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

"சுப்புராயன் மக கல்யாணத்துக்குப் போங்க சார். திருக்கோவிலூரு, ஆத்தோரம், மேடு கம்மி. ரம்யா கல்யாணம் இப்ப வேணாம். ரெண்டு எடத்துல நாய் குட்டி போட்டுக்கினு கீது."

கல்லாவுக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை உருவி, சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுவதுபோல் மேசை மேல் வீசுகிறார். வந்தவர் எடுத்துப் பையில் செருகிக்கொண்டு போகிறார்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற ஜமால் பாய்க்கு ஐம்பத்து நான்கு வயது. நல்ல உயரம். சட்டைப்பையில் பேனாவும் சின்ன டார்ச்சும் எப்போதும் இருக்கும். விடுமுறை நாட்களில் சைக்கிளில் ஊர் சுற்றும் எங்களுக்கு வழி சொல்பவர் அவர்தான். வழியை எழுதிக் கொடுப்பது பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வருவதில்லை. தேதி தாண்டியதும் வாடிக்கையாளர்கள் இவரிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள். கெட்டி அட்டை, வேர்வையில் நனைந்தாலும் பிய்ந்துபோகாது. ஒரு வீட்டுப் பத்திரிகை இருபது சேர்ந்தால் ஒரு வழிக்கு ஆயிற்று. அதனால்தான் எங்களுக்குக் கோமுகி அணைக்குப் போகும் பாதை ரம்யா கல்யாணம். அந்த ரம்யா யாரென்று இதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அட்டையில் கிலோமீட்டர் இருக்காது. "கிலோமீட்டர கால் படிக்குமா சார்?" என்பார். அவரிடம் இருப்பது மூன்றே சொற்கள். 'மிதி' என்றால் ஏற்றம். 'விடு' என்றால் இறக்கம், காலை ஓயவிடலாம். 'மூச்சு' என்று எழுதியிருந்தால் அங்கே நிழலோ டீக்கடையோ இருக்கும். 'பாலம், மிதி, கோயில், மிதி, மூச்சு, கடைசி வரைக்கும் விடு' என்று ஒரு காலைப்பொழுது முழுவதும் நாலு வரிக்குள் அடங்கிவிடும்.

'நேரா' என்ற சொல்லை மட்டும் அவர் எழுதுவதில்லை. முன்பு எழுதிக்கொண்டிருந்தவர்தான். வங்கிக்கு மாற்றலாகி வந்த செழியன் முதல் முறை மலைக்குப் போனபோது அட்டையில் 'அங்கேருந்து நேரா' என்று இருந்தது. ஜமால் பாயின் கணக்கில் நேரா என்றால் இதே ரோடு, அது எத்தனை முறை வளைந்தாலும். செழியனோ சென்னைக்காரர். ரோடு வலதுபக்கம் வளைந்த இடத்தில் நேராகப் போன மண்தடத்தில் சைக்கிளை விட்டார். ஒரு மணி நேரம் கழித்து மரவள்ளிக்கிழங்குக் கொல்லையில் நின்றுகொண்டு போன் செய்தார். "நேராத்தான் வந்தேன் பாய்." அதற்குப் பாய், "இன்னா சார், நேரான்னா நேராவே போயிட்டீங்களா?" என்றாராம். அன்றிலிருந்து அட்டைகளில் 'தார் ரோட்ட விடாத' என்றுதான் இருக்கிறது.

அவருடைய சைக்கிள் புதுச்சேரியில் யாரோ ஓட்டிச் சலித்து விற்றது. ஏழு கியரில் இரண்டு வேலை செய்கிறது. ஏற்றத்தில் அவருக்குப் பின்னால் போனால் முணுமுணுப்பு கேட்கும். சரக்குப் பட்டியல்தான் அது, மெல்லிசான கயிற்றிலிருந்து தொடங்கும். "நாலு எம்எம்மு... ஆறு எம்எம்மு... எட்டு எம்எம்மு..." மேடு செங்குத்தாக ஆக, கயிறு தடித்துக்கொண்டே போகும். முன்னால் இருக்கும் மேடு எப்படி என்று பின்னால் வருகிறவர்கள் கயிற்றை வைத்தே தெரிந்துகொள்ளலாம். லாரிக் கயிறு வந்துவிட்டால் எங்களோடு வரும் எழில்மதி டீச்சர் சைக்கிளைவிட்டு இறங்கிவிடுவார்.

இறங்குவதைப் பற்றி ஜமால் பாய்க்கு ஒரு சட்டம் உண்டு. தான் இறங்காமல் ஓட்டிப் பார்த்த வழியை மட்டும்தான் அட்டையில் எழுதுவார். 'தள்ளு' என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. "தள்ளிக்கினு போனா அது தள்ளுவண்டி. அதுல வாழப்பழம் விக்கலாம். அதுக்கு எதுக்குங்க அட்ட?" எழில்மதி டீச்சரைப் பார்த்துக்கொண்டே சொல்வார். டீச்சரும் சிரித்துக்கொள்வார்.

இந்தச் சட்டத்தால் எழுதப்படாமல் நின்ற வழி ஒன்று இருந்தது. கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, வெள்ளிமலையைத் தொட்டு, சேராப்பட்டுப் பக்கம் இறங்கி, சங்கராபுரம் வந்து வீடு திரும்பும் பெரிய சுற்று. அதற்கென்றே ஒரு பத்திரிகைக்கட்டை எடுத்து வைத்திருந்தார். ஆறு வருடங்களுக்கு முன் நடந்த மகன் ஜுனைதின் நிக்காஹ் பத்திரிகை. அடித்ததில் மிஞ்சியது முப்பத்தெட்டு. வீட்டுப் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருந்தது. புடவை எடுக்கும்போதெல்லாம் அவர் மனைவி கமர் ஜஹான் கேட்பார். "இன்னாங்க, ஜுனைதுக்கு மறுபடியும் நிக்காஹ் பண்ணப் போறீங்களா?"

முதல் தடவை போனபோது மழையில் மூங்கில் சாய்ந்து பாதை அடைபட்டிருந்தது. அடுத்த வருடம் பலாமரம் நிற்கும் வளைவில் கால் தரையைத் தொட்டுவிட்டது, அங்கிருந்தே திரும்பிவிட்டார். போன வருடம் முழங்கால் வீங்கி, டாக்டர் ஏற்றமே கூடாது என்று சொல்லிவிட்டார். "ஏத்தம் வேணாம்னாரு. எறக்கத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. எறங்கணும்னா ஏறித்தான ஆவணும்?" என்று இந்த ஐப்பசியில் முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். இதுதான் கடைசி என்று கமர் ஜஹானிடம் சொல்லியிருந்தார். இந்தத் தடவையும் இறங்கினால் அந்த வழியை விட்டுவிடுவது, பத்திரிகைக்கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவது. இது அவர்கள் இருவருக்குள் ஆன பேச்சு.

செழியன், எழில்மதி, ஜமால் பாய் மூவரோடு நானும் போனேன். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. அணையைத் தாண்டியதும் பாயின் உதட்டில் நாலு எம்எம் கயிறு வந்தது. வளைவுக்கு வளைவு கயிறு தடித்தது. செழியன் முன்னால் போய்விட்டார். பலாமரம் கண்ணில் பட்டபோது பாய் லாரிக் கயிற்றில் இருந்தார். அதற்குப் பிறகு தேங்காய்நார்க் கயிறு. அதைவிடத் தடிமனான கயிறு கடையில் கிடையாது. சத்தம் நின்றது. சைக்கிள் இரண்டு முழம் போனது. வலது கால் இறங்கித் தார் மேல் நின்றது.

அவர் சங்கிலியைக் குனிந்து பார்த்தார். சங்கிலிக்கு ஒன்றுமில்லை. பிறகு தள்ளத் தொடங்கினார்.

முப்பதடி போயிருப்பார். இடதுபக்கப் பாறையில் யாரோ செருகி வைத்திருந்த மூங்கில் தப்பை வழியாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கையில் ஏந்திக் குடித்தார். முகத்தைக் கழுவினார். மறுபடி ஏந்திக் குடித்தார். பின்னால் தள்ளிக்கொண்டு வந்த எழில்மதி டீச்சர் தன் பாட்டிலைத் திறந்து தப்பைக்கு அடியில் பிடித்தார்.

"இங்க தண்ணி வருதுன்னு தெரியுமா டீச்சர்?"

"வருஷா வருஷம் இங்கதான் புடிக்கறேன் பாய்."

"ஒரு வார்த்த சொல்லலியே."

"சொன்னா தள்ளுவண்டிம்பீங்க."

ஜமால் பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் மூக்கில் ஏறி இருமினார். கீழே அணைத் தண்ணீர் வெயிலில் தகரம்போல் கிடந்தது. அங்கே கால் மணி நேரம் இருந்தோம். அவர் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் பாதி அங்கேயே தீர்ந்தது. அதற்குப் பிறகு வெள்ளிமலை வரை எங்கும் இறங்கவில்லை. சேராப்பட்டு இறக்கத்தில் 'விடு' என்று அவரே சத்தமாகச் சொல்லிக்கொண்டார். சங்கராபுரத்தில் பரோட்டா சாப்பிட்டோம். பத்திரிகைக்கட்டு பேப்பர்காரருக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பாய் பீரோச் சாவியைக் கேட்டாராம். இதை எனக்குச் சொன்னவர் கமர் ஜஹான்.

"நேத்து எறங்கலியா?"

"எறங்கினேன்."

"அப்பறம் எதுக்கு சாவி? பேப்பர்காரன் வந்துகீறானா?"

"எழுதத்தான்."

"என்னமோ சட்டமெல்லாம் பேசுவீங்க" என்றபடி, புடவைகளைத் தூக்கி அவரே எடுத்துக் கொடுத்தாராம்.

வியாழக்கிழமை மாலை செழியன் கடைக்கு வந்தார். பாய் ஒருவருக்கு நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தார். "அந்தப் பெரிய சுத்து எந்தக் கல்யாணத்துல இருக்கு பாய்?" என்று செழியன் விளையாட்டாகக் கேட்டார். பாய் அளந்து முடித்தார், கயிற்றை அறுத்தார், நுனியைக் கொளுத்தி நசுக்கினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். நாலு வரியில் அடங்காமல் ஒன்பது வரி போயிருந்தது. நடுவில் ஒரு வரி, 'பலாமரம். தள்ளு. இடது பக்கம் தண்ணி.'

அதை அவர் வீசவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, வீட்டு விசேஷத்துக்கு அழைக்கிறவரைப்போல அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அவசியம் வந்துடணும் சார்."