ஏறிக்கொண்டே போன எண்ணெய்

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் மற்றவர்கள் கறிக்கடைக்குப் போனார்கள். நான் பட்டுப் புடவையோடு லாரி ஷெட்டுக்குப் போனேன். கைப்பையில், அழுத்தத்தை முள்ளால் காட்டும் பிரஷர் கேஜ் ஒன்று இருந்தது. ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் கேஜ்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. சூப்பர்வைசரிடம் கேட்டு, சரிபார்த்த கேஜ் ஒன்றை ஒருநாளைக்கு வாங்கி வந்திருந்தேன்.

எல்லாம் என் வீட்டுக்காரரின் லாரிக்காக. சொந்தமாக ஒரு பத்துச் சக்கர வண்டி வைத்து, ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றி ஓட்டுகிறார். மூன்று நாளாக, சூடேறிய இன்ஜினோடு சிக்னலில் நின்றால் போதும், ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்து பஸ்ஸர் அலறியது. பேரிங் தேய்ந்திருக்கும், இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் இடிந்துபோயிருந்தார். எனக்கோ, சொன்னால் வெட்கம், ஒரே குதூகலம். வாரமெல்லாம் யார் யாருக்கோ போகிற கேஜ்களைச் சோதிக்கிறேன். இப்போது எங்கள் வீட்டு இன்ஜின்!

"விளக்கு பொய் சொல்லுதா, நெசம் சொல்லுதான்னு மொதல்ல பாக்கலாம்" என்றேன்.

மெக்கானிக் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர், என் வயதுதான். பிரஷர் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜின் ஹோஸை முடுக்கினார். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் முள் நாலு பார் அழுத்தத்தைத் தாண்டியது.

"பாத்தியா! விளக்குதான் பொய்யி!" என்று வீட்டுக்காரர் குதித்தார்.

"சூடாகட்டுங்க."

சூடானது. ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐட்லிங்கில் விட்டதும் முள் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி, அரைக்கும் கீழே போய்ப் படுத்தது. பஸ்ஸருக்கு வேலையே இல்லை, என் வீட்டுக்காரர் போட்ட சத்தமே போதும். இன்ஜினை அணைத்துவிட்டு டயர்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நானு சொன்னேனே அக்கா, இறக்கணும்" என்றார் மெக்கானிக்.

"ஆயில் எவ்ளோ இருக்குது?"

வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வண்டி ஒரு சொட்டு ஆயில் குடிக்காது. ஒரு மாசமா ஊத்தவே இல்ல. அளவு கூடத்தான் செய்யுது!"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது.

"கூடுதா? எப்டிங்க கூடும்?" என்றேன். "எண்ண குட்டி போடுதா?"

மெக்கானிக் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே அளவுக் குச்சியை உருவினேன். மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய். முகர்ந்தால் டீசல் வாசம். விரலில் தேய்த்தால் தண்ணீர் மாதிரி வழுக்கி ஓடியது. டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு வைத்தேன். நடுவில் கறுப்புப் பொட்டு நின்றது, அதைச் சுற்றி வெளிறிய ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டே போனது.

"ஹௌதல்லா, ஆமால்ல!" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "ஆயிலுக்குள்ள டீசல் இறங்குது அக்கா! ஆயில் நீர்த்துப் போச்சு, அப்றம் சூட்டுல பிரஷர் எங்க நிக்கும்?"

டீசல் பம்பைக் கழற்றிப் பார்த்தார். அதன் பின்பக்கத்து சீல் கிழிந்து, டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் நீர்த்த எண்ணெயிலேயே ஓடியதில் பேரிங் கெட்டிருந்தால்? அந்தப் பயம் மூவருக்கும் இருந்தது. பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தை வெயிலில் விரித்தோம். தேய்ந்த பேரிங் என்றால் உலோகத் துகள் மினுங்கும். மூன்று தலைகளும் குனிந்து தேடின. வெறும் கறுப்பு. ஒரு மினுக்குகூட இல்லை.

வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். பட்டுப் புடவையில் பத்து விரலும் பதிந்தது. மெக்கானிக் நாகரிகமாகக் கர்நாடகா பக்கம் திரும்பிக்கொண்டார்.

புது சீல், புது ஃபில்டர், புது ஆயில் என்று எல்லாம் முடிய நாலு மணி ஆயிற்று. ஹோஸை ஜன்னல் வழியாக இழுத்துக் கட்டி, கேஜை மடியில் வைத்துக்கொண்டு நான் ஏறினேன், மெக்கானிக்கும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ராயக்கோட்டை ரோட்டில் வண்டி மேடு ஏற ஏற, நான் "நாலு!" என்று கத்தினேன். மெக்கானிக் "நால்கு!" என்றார். வீட்டுக்காரர் ஹாரன் அடித்தார். எதிரே வந்த பஸ் டிரைவர், எங்களுக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தபடி போனார்.

ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி, கொதிக்கிற இன்ஜினை ஐட்லிங்கில் விட்டோம். முள் ஒன்றே முக்காலுக்கு வந்தது. மூன்று பேரும் முள்ளையே பார்த்தோம். அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

"எறங்காது, எறங்காது!" என்று வீட்டுக்காரர் கீழே குதித்து, முன்பின் தெரியாத டீக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டார். அவர் தெலுங்கில் ஏதோ கேட்டார். மெக்கானிக் கன்னடத்தில் விளக்கினார். யாருக்கு எவ்வளவு புரிந்ததோ, எல்லோரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை வீட்டுக்காரர் தக்காளி ஏற்றிக்கொண்டு போனார். கேஜைத் திருப்பிக் கொடுத்தபோது சூப்பர்வைசர், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நான் கதையை நிறுத்தவே இல்லை.