கிள்ளு மேசையில் தெக்லாவின் நாற்காலி

தெக்லா பவ்லிச்சின் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கனடாவின் மானிடோபா மாகாணத்துச் சரளைச் சாலைகளில், பனிப்புயலில்கூட, ஒரு பிள்ளையையும் தாமதமாகக் கொண்டுபோய் இறக்கியதில்லை என்று அவளே சொல்லுவாள். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பொறுமை அவளுக்குக் கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு அவளுடைய பெருமையெல்லாம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை தோறும் பதினாலு பெண்கள் அங்கே கூடி, வெள்ளிக்கிழமை விருந்துக்குப் பெரோகி என்ற கிழங்குக் கொழுக்கட்டை செய்வார்கள். மாவை வட்டமாக வெட்டுபவர்கள் ஒரு பக்கம், உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் பிசைந்து உருட்டுபவர்கள் இன்னொரு பக்கம், நடுவில் நீளமாகக் கிள்ளு மேசை. உருண்டையை மாவில் வைத்து மடித்து, ஓரத்தைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி மூடுவது அங்கேதான். யார் வீட்டுக் கல்யாணம் முறிந்தது, யார் மகன் கால்கரியில் வேலையை விட்டான் என்று பேசித் தீர்ப்பதும் அங்கேதான். அதன் தலைமாட்டு நாற்காலி தெக்லாவுடையது.

கிள்ளு சரியில்லையென்றால் பெரோகி கொதிநீரில் பிளந்துவிடும், உள்ளே இருந்த கிழங்கு கரைந்து பானையே கஞ்சியாகிவிடும். யாருடையது பிளந்ததோ அவள் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவள் தெக்லா. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அதில் முதலில் மாட்டியவள் வெர்னா. "கை ஓடலைன்னா பானைப் பக்கம் போடி, அங்கயும் ஆள் வேணும்ல" என்று தெக்லா எல்லார் முன்னாலும் சொன்னாள். வெர்னா ஜல்லிக் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள். இன்றுவரை அங்கேதான் நிற்கிறாள்.

போன செப்டம்பரில் தெக்லாவின் வலது கையில் வலி வந்தது. முதலில் பீட்ரூட் ஊறுகாய் பாட்டிலின் மூடி திறக்கவில்லை. அப்புறம் கார் சாவியைத் திருப்பும்போது சுருக்கென்றது. "முப்பது வருஷம் பஸ் கதவை இழுத்தவளுக்கு மூடி தெறக்க நான் வரணுமா?" என்று அவள் கணவன் மெத்ரோ கிண்டல் செய்தான். தெக்லா பாட்டிலின் மேல் பழியைப் போட்டாள்.

மேசையிலோ, ஒவ்வொரு கிள்ளுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு நரம்பாகத்தான் இருக்கும் என்று தானே முடிவு செய்து, மருந்துக்கடையில் ஒரு மணிக்கட்டுப் பட்டை வாங்கினாள். அது மணிக்கட்டை இறுகப் பிடித்துப் பெருவிரலை மட்டும் சும்மா விட்டது. ஆறு வாரம் மாட்டியதில் வலி கூடியதுதான் மிச்சம். வலியைக்கூடத் தாங்கிக்கொள்வாள். பானைப் பக்கம் போ என்று அவளிடம் யாராவது சொல்லிவிட்டால்? அந்த நாற்காலி போய்விட்டால் திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் என்ன வித்தியாசம் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மார்ச் மாதம் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே கைகளுக்கென்றே இருந்த சிகிச்சையாளர் ரொவீனா, பிலிப்பைன்ஸிலிருந்து வந்து பன்னிரண்டு குளிர்காலத்தைப் பார்த்தவள்.

"எங்க வலிக்குது? ஒரே விரலால தொட்டுக் காட்டுங்க."

தெக்லா பெருவிரலும் மணிக்கட்டும் சேரும் இடத்தைத் தொட்டாள். அங்கே எலும்பு கொஞ்சம் புடைத்திருந்தது. ரொவீனா பெருவிரலைப் பிடித்து மெல்ல அழுத்திச் சுழற்றினாள். தெக்லா, தேவாலயத்தில் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னாள்.

"மணிக்கட்டும் இல்ல, நரம்பும் இல்ல. பெருவிரலோட அடிமூட்டு. குருத்தெலும்பு தேஞ்சு, எலும்பு எலும்போட உரசுது. நுனியில ஒரு கிலோ அழுத்தினீங்கன்னா அடியில அது பல மடங்கா இறங்கும்."

"கிள்ளிக் கிள்ளித்தான் வந்துச்சா?"

"அதனால மட்டும்னு சொல்ல முடியாது. அம்பதைத் தாண்டின பொம்பளைங்க நெறையப் பேருக்கு வர்றதுதான். நீங்க அதை நல்லா வேலை வாங்கியிருக்கீங்க, அவ்வளவுதான்."

"சரியாயிடுமா?"

"தேஞ்சது திரும்ப வளராது. ஆனா வலியைக் கொறைக்கலாம், பிடியை பலமாக்கலாம்."

ரொவீனா ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீர்த் தட்டில் போட்டாள். அது இளகியதும் இடுக்கியால் எடுத்துத் துடைத்து, தெக்லாவின் பெருவிரல் அடியைச் சுற்றிப் படிய வைத்தாள். ஆறியதும் அது அளவெடுத்த காப்புபோல நின்றது. "நீயும் எங்க வேலையத்தான் பாக்குற, சுடுதண்ணியில போட்டு எடுக்குற" என்றாள் தெக்லா. ரொவீனா சிரித்தாள். வலிக்கும்போது பூசக் களிம்பு, ஆள்காட்டி விரலில் ரப்பர் பேண்டை மாட்டி வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சி, காலையில் வெந்நீர் என்று வரிசையாகச் சொன்னாள். இதெல்லாம் போதாவிட்டால் மூட்டுக்குள் ஊசி, அதற்கும் அப்பால்தான் அறுவை.

தெக்லாவுக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான். "கிள்ளுறத விடணுமா?"

"வேண்டாம். நுனியால இறுக்காதீங்க, விரலை வட்டமா வளைச்சு வச்சு அழுத்துங்க. அரை மணிக்கு ஒரு தடவை வேலைய மாத்துங்க. கொஞ்ச நேரம் கிள்ளு, கொஞ்ச நேரம் கரண்டி. கரண்டிப் பிடியில துணியச் சுத்தித் தடிமனாக்கிக்கணும், ஒல்லிப் பிடிதான் மூட்டுக்கு எமன்."

"கரண்டியா? செத்தாலும் மாட்டேன்."

"யாரு உங்கள சாகச் சொன்னா?" என்றாள் ரொவீனா.

அடுத்த திங்கட்கிழமை தெக்லா காப்பை ஏப்ரன் பைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து மணிக்குப் பாலாடைக்கட்டி வண்டி வந்தது. கையெழுத்துப் போட வெர்னாதான் மேலே போக வேண்டும். "தெக்லா, ரெண்டே நிமிஷம், பானையப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

தெக்லா எழுந்துபோய்ப் பானைக்குள் பார்த்தாள். பெரோகிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நாலைந்து பிளந்து கிழங்கைக் கக்கிக்கொண்டிருந்தன. எவளுடையது என்று கோபமாகக் குனிந்தவளுக்கு வலது மூலையில் உள்பக்கமாக மடித்த சின்ன வால் தெரிந்தது. அந்த மேசையில் அப்படி மடிப்பவள் ஒருத்திதான். பதறிப்போய் ஏதாவது பாத்திரம் தேடினாள். அடுப்புத் திட்டின் கீழே, துணி போட்டு மூடிய ஒரு கிண்ணம் இருந்தது. அதற்குள் பத்துப் பதினைந்து பிளந்த பெரோகிகள். எல்லாவற்றிலும் அதே வால்.

வெர்னா இறங்கி வந்தபோது தெக்லா கிண்ணத்தோடு நின்றாள்.

"எத்தனை நாளா?"

"அக்டோபர்லேர்ந்து."

"ஏன்டி சொல்லல?"

வெர்னா பானையைக் கிளறினாள். "சொன்னா நீ எழுந்திரிக்கணும். எழுந்தா இங்க வந்து நிக்கணும். இங்க நின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அங்க நீங்க சிரிக்கிறது கேக்கும், எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு கேக்காது. தண்ணி கொதிக்கிற சத்தம்."

தெக்லா கிண்ணத்தைத் திட்டில் வைத்தாள். "இத்தனையையும் என்ன பண்ணுன?"

"தின்னேன். ஆறு கிலோ ஏறியிருக்கேன், பாத்தா தெரியல? மிச்சம் நாய்க்கு. அது இப்போ நடக்கவே மாட்டேங்குது."

அப்போதுதான் தெக்லா கரண்டியைக் கவனித்தாள். பிடியில் பழைய துவாலையைச் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டி, சோளக்கதிர் பருமனுக்கு ஆக்கியிருந்தது. துவாலை நிறமே தெரியாத அளவுக்கு நைந்திருந்தது.

"கையக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடி."

வெர்னாவின் பெருவிரல் அடியில் அதே புடைப்பு, தெக்லாவுடையதைவிடப் பெரிதாக.

"இது எப்போலேர்ந்து?"

"நீ என்னை எழுப்பி விட்டியே, அதுக்கு முந்துன வருஷத்துலேர்ந்து."

"நான் கேக்கவே இல்லையே, வெர்னா."

"இல்ல. நீ கேக்கல."

பதினொரு வருஷம். எத்தனை பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே போகும்வரை காத்திருந்து பார்த்தவள், இந்த ஒருத்தியின் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அவள் வெர்னாவின் முழங்கையைப் பிடித்து மேசைக்கு அழைத்துப்போனாள். பையிலிருந்த காப்பை எடுத்து எல்லாரும் பார்க்க மாட்டிக்கொண்டாள். "அக்டோபர்லேர்ந்து பானையில பிளந்ததெல்லாம் என்னோடது. இவ மறைச்சிருக்கா. இனிமே அரை மணி இவ இங்க, அரை மணி நான் இங்க. யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" வெர்னா தலைமாட்டு நாற்காலியின் விளிம்பில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள். "விரலை வளைச்சு வச்சு அழுத்து, நுனியால இறுக்காத" என்று அவள் காதருகே சொல்லிவிட்டு தெக்லா அடுப்புக்குப் போனாள்.

வெர்னா சொன்னது நிஜம். அங்கிருந்து சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

வெர்னா கிள்ளிய முதல் தட்டுப் பெரோகிகள் பானையில் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று பிளந்து மேலே வந்தது. வாலில்லை, மூன்று விரல் பதிந்த அகலமான கிள்ளு. பதினொரு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அந்தக் கிள்ளை தெக்லா மறக்கவில்லை. அக்கம் பக்கம் பார்த்தாள். கரண்டியால் அள்ளி, ஊதக்கூட நேரமில்லாமல், அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கு வெந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தெக்லா, என்னோடது எப்படி வருது?" மேசையிலிருந்து வெர்னா கத்திக் கேட்டாள்.

"ஒண்ணுகூடப் பிளக்கலடி" என்றாள் தெக்லா, வாய் நிறையக் கிழங்கோடு.