மூன்றாம் கல்

செவ்வாய்க்கிழமை முற்பகல் பத்து நாற்பதுக்கு என் கைத்தொலைபேசி அடித்தது. மகளின் பள்ளிக்கூடம். "மகள் இண்டைக்கு ஏன் வரேல்லை?" என்று கேட்டார்கள். அவள் ஏழு மணிக்கே இணுவிலில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் புறப்பட்டுவிட்டாள்.

வரவேண்டிய இடத்துக்குப் பிள்ளை வந்து சேரவில்லை என்றால், பிள்ளைகள் காணாமற்போன யுத்தகாலத்தைக் கண்ட என் வயதுக்காரரின் மனம் இந்த ஊரில் போகும் வழி வேறு. அந்த நேரம் என் முன்னால், மடித்த வெள்ளைத் தாளின் பள்ளத்தில், இரண்டு வைரங்கள் அருகருகே கவிழ்ந்து கிடந்தன.

யாழ்ப்பாண நகரில் ஒரு நகைக்கடையில் வைரத்தின் நிறம் பார்ப்பது என் வேலை. வைரம் என்றால் வெள்ளை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் கொஞ்சம் மஞ்சள் இருக்கும். அது எவ்வளவு என்று நினைவை நம்பிச் சொல்ல முடியாது. அதனால் கடையில் ஐந்து ஒப்புக்கற்கள் வைத்திருக்கிறோம். வெளிநாட்டு ஆய்வுகூடமொன்று நிறத்தை உறுதிசெய்து தந்தவை. முதலாவது வெறும் தண்ணீர். ஐந்தாவதில் பலமுறை ஊற்றிய தேயிலைச் சாயம்போல ஒரு மஞ்சள். வாடிக்கையாளரின் கல்லை இவற்றின் பக்கத்தில் வைத்து, எதோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பேன்.

அவற்றைப் பராமரிப்பதும் நான்தான். விரல் படக் கூடாது. பட்டால் அந்த எண்ணெயே கல்லை ஒரு படி மஞ்சளாகக் காட்டும். ஸ்பிரிட்டில் கழுவி, நூல் விடாத துணியால் துடைத்து, சாவணம் என்ற சின்ன இடுக்கியால் எடுத்துப் பெட்டியில் அதனதன் குழியில் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பதிவுப் புத்தகத்தோடு சரிபார்க்க வேண்டும். சேலையின் நிறம் கல்லில் தெரியும் என்பதால் மேலே வெள்ளைக் கோட் போட்டுக்கொள்வேன். கல் பதிக்கிறவர் காலையில் என்னைக் கண்டதும், "அக்கா, இண்டைக்கு எத்தினை பேருக்கு ஊசி?" என்பார்.

எங்கள் வேலையில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒரே நிறமுள்ள இரண்டு கற்களை அருகருகே வைத்தாலும் ஒரு பக்கத்தில் இருப்பது கொஞ்சம் மஞ்சளாகத் தோன்றும். அது கண்ணின் குறை. அதனால் இடதை வலதாக, வலதை இடதாக மாற்றி மாற்றிப் பார்ப்போம்.

அன்று ஒப்புக்கல்லின் பக்கத்தில் கிடந்தது குருநகரிலிருந்து வந்த ஒரு பெண்மணியின் கல். காலமான கணவர் எப்போதோ அவருக்குப் போட்டுவிட்ட மோதிரம். கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் தேய்ந்து கல் ஆடத் தொடங்கியதால் திருத்தத் தந்திருந்தார். "கல்லுக் கவனம் பிள்ளை. அவர் தந்தது இது ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிறகு கல் மாறிவிட்டதென்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் கழற்றிய கல்லின் நிறையையும் நிறத்தையும் எழுதிவைப்போம். அவருடைய கல் மூன்றாம் ஒப்புக்கல்லின் நிறமேதான்.

நான் வாசலுக்கு ஓடினேன். இருபது நிமிடங்களில் பள்ளிக்கூடத்திலிருந்து மீண்டும் அழைத்து, மகள் வகுப்பில்தான் இருக்கிறாள் என்றார்கள். மருதனார்மடத்தில் டயர் காற்றுப் போய், சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள். வந்து சேர்ந்தபோது வரவு இடாப்பு மூடியாகிவிட்டது.

திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். இரண்டு கற்கள். கடைசியாக இடம் மாற்றினேனா, மாற்றப் போகும்போது தொலைபேசி அடித்ததா? மாற்றினேன் என்றே பட்டது. இடப்பக்கத்தில் கிடந்ததைப் பெட்டியின் மூன்றாம் குழியில் வைத்தேன். மற்றதைப் பதிக்கக் கொடுத்தேன். பதிக்குமுன் மறுபடி நிறுக்க வேண்டும் என்பது நானே எழுதி ஒட்டிய விதி. நிறுக்கவில்லை. மனம் இன்னும் மகளிடமே இருந்தது என்பது உண்மைதான், ஆனால் அது காரணமாகாது.

புதன்கிழமை அவர் மோதிரத்தை வாங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை தராசில் மூன்றாம் கல் ஒரு கரட்டின் நூறில் ஒரு பங்கு கூடுதலாக நின்றது. மூன்று தரம் நிறுத்தேன். அந்த நிறை அவருடைய பற்றுச்சீட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. அவரின் கல் எங்கள் பெட்டியில். எங்கள் கல் அவரின் விரலில்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"மினுக்கம் போட மறந்திட்டம் எண்டு சொல்லிக் கூப்பிடும். மோதிரம் வந்தால் மாத்திப் பதிச்சுக் குடுக்கலாம். அவவின்ரை கல் அவவுக்கு, எங்கடை கல் எங்களுக்கு. இடையிலை நடந்ததைச் சொல்லி அந்தச் சீவனை ஏன் குழப்புவான்?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஒருவருக்கும் தெரியவராது. மினுக்கக் கதையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு இலக்கத்தை அழுத்தினேன்.

"ஏன் பிள்ளை, கல்லிலை ஏதும் பிழையோ?" என்றார் அவர், எடுத்த எடுப்பில்.

"ஓம் அம்மா" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. தொலைபேசி வந்தது, இடம் மாறியது, நிறுக்காமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கடை திறந்ததிலிருந்து நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் உண்மையைச் சொல்லிவிட்டதில் முதலாளிக்குக் கோபம். அந்த அம்மா பொலிசுக்குப் போயிருப்பார், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார் என்றெல்லாம் நினைத்தேன். வேலை போவதைவிட, ஒரு மனிசி என்னை நம்பித் தந்ததைப் பெட்டியில் போட்டு மூடிவைத்திருந்தேனே என்பதுதான் என்னை உறுத்தியது.

பதினொரு மணிக்கு அவர் தனியாக வந்தார். ஓட்டோவிலிருந்து இறங்கி நேரே என் மேசைக்கு வந்து, மோதிரத்தைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார். நான் மூன்றாம் குழியிலிருந்த கல்லை எடுத்து அவர் முன்னால் நிறுத்துக் காட்டினேன். பற்றுச்சீட்டையும் காட்டினேன்.

"நிறம் ரெண்டும் ஒண்டுதான் அம்மா" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக.

"நிறத்துக்கோ நான் வந்தனான்?" என்றார்.

கல் பதிக்கிறவரின் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, வேலை முடியும்வரை கண்ணெடுக்காமல் இருந்தார். மோதிரத்தைப் போட்டுக்கொண்டதும் எழும்பி என்னிடம் வந்தார். நான் அப்போது எங்கள் கல்லை ஸ்பிரிட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். அதைக் குனிந்து பார்த்தார்.

"ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி மோதிரத்தோடைதான் கதைக்கிறனான். இந்த மூண்டு நாளும் உதுக்குத்தான் எல்லாத்தையும் சொல்லியிருக்கிறன். கவனமாய் வைச்சிரு பிள்ளை, என்ரை வீட்டுக் கதை முழுக்க உதுக்குத் தெரியும்."