நாலு அங்குலம்

ஏமஸ் டிட்பரி லண்டனில் எங்கள் கோயில் பங்கு வட்டாரத்துக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர். ஊர் அவருக்கு வைத்த பெயர் மூக்கர். சாக்கடையை மோந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் லண்டனிலேயே இவர் ஒருவர்தான் என்று கத்திக்கொண்டு, சந்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தபடி பின்னால் ஓடுவார்கள். அவர் திரும்பி நின்று தம் மூக்கையும் பிடித்துக் காட்டுவார். முன்பு கொத்தனாராக இருந்தவர். அந்தக் காலத்து மடக்கு அளவுகோல் எப்போதும் கோட்டுப் பையில் இருக்கும்.

நிரம்பி வழியும் கழிவுக்குழிகளைப் பற்றி அவர் எழுதிய புகார்களெல்லாம் வட்டாரத்தை நிர்வகிக்கும் பங்குச் சபையில் தூங்கின. தூங்காமல் என்ன செய்யும்? சபையில் பாதிப் பேர் அந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள். வேலியே பயிரை மேய்ந்தது. ஆனால் ஏழடி உயரமில்லாத நிலவறையில் யாரும் குடியிருக்கக் கூடாது என்ற சட்டம் மட்டும் அவர்களுக்கு இனித்தது. அதில் தெருவுக்கு வருவது குடியிருப்பவர்தானே.

டவ் சந்தில் ஏழாம் வீட்டு நிலவறையில் கெசையா டன்னக் என்ற விதவை துணி தேய்த்துப் பிழைத்தாள். மகள் லெட்டிக்கு ஆறு வயது. ஏமஸ் அளவுகோலை நிறுத்திப் பார்த்தார். ஆறடி எட்டங்குலம். வெளியேறினால் ஏழைகள் விடுதிதான் கதி. அங்கே தாயை ஒரு கட்டிடத்திலும் பிள்ளையை வேறொரு கட்டிடத்திலும் போட்டுவிடுவார்கள். கெசையா அழவில்லை. எவ்வளவு குறைகிறது என்று மட்டும் கேட்டாள்.

"நாலே அங்குலந்தாம்மா. உன்னை வெளியேத்தணும்னு எனக்கென்ன வேண்டுதலா? எட்டு நாள் கழிச்சு வர்றேன்."

அதற்குள் அவள் வேறு இடம் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தார். அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். கூரையை உயர்த்த முடியாது, தரையை இறக்கலாமே. செங்கற்களைப் பெயர்த்து, அடுப்புக் கரண்டியால் மண்ணைத் தோண்டி, வாளி வாளியாக மேலே சுமந்தாள். லெட்டி தன் பாவாடையில் அள்ளிக்கொண்டு போனாள்.

எட்டாம் நாள் அளவுகோல் ஏழடியைத் தாண்டி அரை அங்குலம் காட்டியது.

"அந்த அரை அங்குலம் நான் தோண்டினது," என்றாள் லெட்டி.

திரும்பப் பதித்த செங்கற்களின் ஓரத்தில் ஈரம் கசிந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கழிவுக்குழி. அவரே மூன்று முறை புகார் எழுதியது. அன்று அந்த மூக்கு வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. செய்தது. தாயும் மகளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'ஏழடி, சரி' என்று எழுதிவிட்டு மேலேறினார்.

மூன்று வாரத்தில் லெட்டிக்குக் குடல் காய்ச்சல் கண்டது. பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள்.

காய்ச்சலில் யாராவது இறந்தால் படுக்கையை எரித்து அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வழக்கமாகக் கூலியாளை அனுப்புகிறவர், அன்று தாமே வாளியோடு இறங்கினார். சுவரில் பழைய பூச்சு முடிந்த இடத்துக்குக் கீழே நாலங்குலத்துக்கு வெறும் மண். அங்கே சுண்ணாம்பு ஒட்டவில்லை. எத்தனை முறை பூசினாலும் வழிந்து இறங்கியது. முட்டி போட்டு மறுபடியும் மறுபடியும் பூசினார். மனசு ஆறவில்லை.

கெசையா தேய்ப்பதற்கு வைத்திருந்த துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். விடுதிக்கே போய்விடப் போவதாகச் சொன்னாள்.

"இந்த ரூமைக் காப்பாத்தித் தர்றேம்மா," என்றார் ஏமஸ்.

"நீங்க நல்லவருங்கய்யா. வேற ஆளா இருந்தா அன்னிக்கே விரட்டியிருப்பாங்க." மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "இனிமே விடுதின்னா எனக்கென்ன பயம்? பிரிச்சு வைக்கிறதுக்குத்தான் ஆளில்லையே."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். சந்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தபடி ஓடிவந்தார்கள். அன்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பிறகு வேலை பார்த்த பதினோரு வருஷமும் பார்க்கவில்லை.