உதைத்துப் பார்த்த கதவுகள்

கதவை உதைத்துப் பார்த்துத்தான் நான் ரூம் எடுத்தேன். மெத்தை நன்றாக இருக்கிறதா, ஏசி உண்டா, ஜன்னலைத் திறந்தால் காயல் தெரியுமா என்பதெல்லாம் ஊர் பார்க்க வருகிறவர்களின் கவலை. நான் பதினோரு வருடமாகக் கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்கிறவள். வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டிருந்தாலும், உள்ளே மரமா அட்டையா என்று ஒரு தட்டில் சொல்லிவிடுவேன். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது, ஒரு ஆம்பிளை முழு பலத்தோடு உதைத்தாலும் மூன்று நாள் தாங்குகிற கதவு.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் என் தங்கை களமசேரியிலிருந்து பஸ் ஏறி, போட் மாறி, மட்டாஞ்சேரியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடது காது வீங்கிக் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அவள் புருஷன் அங்கே ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மீன் குழம்பில் புளி கூடிவிட்டதாம், அதற்கு ஸ்பேனரால் அடித்திருக்கிறான். கல்யாணமாகி நாலு வருடத்தில் ஒரு பல்லையும் இரண்டு விரலையும் உடைத்திருந்தான். ஒவ்வொரு முறையும் அவள் டாக்டரிடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகத்தான் சொன்னாள்.

இந்த முறை விடமாட்டேன், வா ஸ்டேஷனுக்கு என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் தூணைக் கட்டிக்கொண்டாள்.

"இப்ப வேண்டாக்கா. பேடியா இருக்கு, பயந்து வருது. திங்கக்கிழமை வர்றேன், எல்லாத்தையும் சொல்றேன். அதுவரைக்கும் அவரு கண்ணுல படாம என்னை எங்கயாச்சும் வை."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் நாலு வருடத்தில் சொல்கிறேன் என்று அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை வரை அவளைக் காப்பாற்றிவிட்டால் போதும், அப்புறம் அவன் கம்பி எண்ணுவான். என் வீட்டில் வைக்க முடியாது. போன ஓணத்துக்கு அவள் என் வீட்டுக்கு ஓடிவந்தபோது, அம்மிக்குழவியால் என் கதவைப் பிளந்துதான் அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

கூட வேலை செய்கிற ஒருத்தி, எறணாகுளத்தில் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கம் நல்ல ஹோட்டல் இருக்கிறது, கார்டு போட்டால்தான் கதவு திறக்கும், வாசலில் காவலுக்கு ஆள் உண்டு என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். அங்கே வைத்தால் அவளுக்குச் சோறு யார் கொண்டுபோவது? பயந்தால் அவளுக்குக் கடைச் சோறு இறங்காது, வாந்தி எடுப்பாள். நம் மட்டாஞ்சேரி பஜார் போதும், இத்தனை கூட்டத்தில் எவன் கண்டுபிடிப்பான் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் லாட்ஜில் ஆதார் கார்டைப் பார்த்ததும் திருப்பித் தள்ளினான். மட்டாஞ்சேரிக்காரிக்கு மட்டாஞ்சேரியில் எதற்கு ரூம் என்று கேட்டு, எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தான். பார்வையே சரியில்லை. வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டு இறங்கினேன். இரண்டாவது லாட்ஜில் ரூம் தந்தார்கள், ஆனால் நான் விட்ட ஒரே உதையில் கதவின் அடிப்பக்கம் பிய்ந்து தொங்கியது. அதற்கு அங்கே ஒரு சண்டை.

மூன்றாவது, பழைய அரிசிப் பண்டகசாலையின் மாடியில் இருந்தது. கீழே இப்போதும் மூட்டை ஏற்றி இறக்குகிறார்கள். மேலே நாலே நாலு ரூம். கதவு நாலு விரல் கனம். உள்ளே தாழ்ப்பாளுக்கு மேல் குறுக்கே போடுகிற இரும்புப் பட்டை. ஜன்னலில் பெருவிரல் மொத்தத்துக்குக் கம்பி. ஓடிவந்து உதைத்தேன். என் முழங்கால்தான் வலித்தது.

லாட்ஜைப் பார்த்துக்கொள்கிற வயசானவர், எல்லோருக்கும் இக்கா, மேலே வந்து எதற்கு உதைக்கிறாய் என்று கேட்டார். "எந்தினா மோளே சவிட்டுன்னே?"

"தாங்குமான்னு பாக்குறேன் இக்கா."

அவர் என் தங்கையின் காதைப் பார்த்தார். கீழே கூட்டிப்போய், ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளி, கையெழுத்து போடச் சொன்னார்.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஞாயிறு மத்தியானம் சோறும் மத்திக் குழம்பும் முட்டைக்கோஸ் தோரனும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனேன். அவள் சாப்பிடுகிறவரை உட்கார்ந்திருந்து, நான் போனதும் பட்டையைப் போடு என்று சொல்லி, பட்டை விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினேன். இக்கா சாயா வாங்கித் தந்தார். பாதிகூடக் குடிக்கவில்லை, பின்பக்கப் படியில் யாரோ தடதடவென்று ஏறுகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்கு எதிரே உள்ள சாயாக் கடையில் காலையிலிருந்து அவள் புருஷன் உட்கார்ந்திருந்ததைக் கடைக்காரர் அப்புறம்தான் சொன்னார். என் தூக்குவாளிக்குப் பின்னாலேயே வந்திருக்கிறான்.

நான் மேலே போனபோது அவன் கதவை உதைத்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தேன். என் முடியைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினான். கண்ணில் பூச்சி பறந்தது. திரும்பவும் உதைத்தான், தோளால் இடித்தான். கதவு அசையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். உதட்டில் ரத்தத்தோடு தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

"ஒதைடா, நாயே. கால்தான் ஒடியும்."

அவன் நிறுத்தினான். மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றான். பிறகு கதவின் இரண்டு பக்கச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு, தன் நெற்றியைக் கதவில் மோதினான். மெதுவாக இல்லை, தேங்காய் உடைக்கிற மாதிரி. மூன்றாவது மோதலில் தோல் கிழிந்தது, நாலாவதில் ரத்தம் மூக்கு வழியாக வழிந்தது. ஒவ்வொரு மோதலுக்கும் அவள் பெயரைச் சொன்னான். உள்ளே அவள் அழ ஆரம்பித்தாள்.

"செத்துருவாருக்கா."

"சாகட்டும். தெறக்காத."

"ரத்தம் கதவுக்கு அடியில வருதுக்கா."

"வரட்டும்டி. தெறந்தே, உன்னை நானே கொன்னுருவேன்."

பட்டை தூக்குகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து பாய்வதற்குள் அவன் உள்ளே போய்விட்டான். கதவு என் விரல் நுனியில் மோதி மூடியது. பட்டையை அவன் போட்டான்.

அதன் பிறகு அந்தக் கதவை நான் உதைத்தேன். இக்கா தோள் கொடுத்தார். நகம் பிய்கிற வரை பிறாண்டினேன். தேடித் தேடி எடுத்த கதவு, சொன்ன மாதிரியே தாங்கியது. உள்ளே விழுகிற ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்டது. எது கையால், எது காலால் என்றுகூடத் தெரிந்தது. முதலில் அவள் கத்தினாள். அப்புறம் அடி மட்டும் கேட்டது. உடைக்கச் சொல்லிக் கத்தினேன். இக்கா கீழே ஓடி, மூட்டை இறக்குகிறவர்கள் நாலு பேரைக் கம்பிப்பாரையோடு கூட்டிவந்தார். கீல் பக்கம் நெம்பிப் பெயர்த்தார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கதவு முழுசாக உள்பக்கம் சரிந்து தரையில் விழுந்தது.

அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவள் தரையில் முட்டி போட்டிருந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது, தாடை கோணியிருந்தது. இடது கையால் ஒரு துண்டை எடுத்து அவன் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் நான் அங்கேயே விட்டுவந்த தூக்குவாளியை எடுத்து அவன் தலையில் போட்டேன், மறுபடியும் போட்டேன். அது நசுங்கிப் போனது. நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தெடுத்தார்கள்.

அவள் சொன்ன அதே திங்கட்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே போலீஸ் மாடம் வந்தார். நல்ல பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேடிக்க வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்லு என்று மலையாளத்தில் தன்மையாகச் சொன்னார். என் தங்கைக்குத் தாடையில் கட்டு. வார்த்தைகள் பல்லுக்கு நடுவிலிருந்து வந்தன.

"கதவு விழுந்துச்சு மாடம். பாரையை வச்சு ஒடைச்சாங்க இல்ல, அது மேல விழுந்துச்சு. அவரு என்னைக் காப்பாத்தத்தான் பாத்தாரு. அதுலதான் அவரு நெத்தியும் கிழிஞ்சுது."

மாடம் என்னைப் பார்த்தார். "ஆரா கதகு பொளிக்கான் பறஞ்ஞது?"

கதவை உடைக்கச் சொன்னது யார் என்று கேட்கிறார். நான்தான் என்றேன். கட்டிலைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், அவருக்கு எத்தனை தையல் போட்டாங்க மாடம் என்று கேட்டாள்.

அடித்துவிட்டேன். கட்டு இல்லாத கன்னம் பார்த்து, பளீரென்று. நர்ஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இன்னொன்று போடவும் கை ஓங்கித்தான் இருந்தது.

அவள் அழவில்லை. கன்னத்தைக்கூடத் தடவவில்லை. நாலு வருடத்தில் முதல் தடவையாக, தன்மேல் விழுந்த ஒரு அடியைப் பற்றி அடுத்தவரிடம் வாய் திறந்தாள்.

"இதை எழுதிக்கோங்க மாடம். அக்கா என்னை அடிச்சா."