ஒரு கடிகாரத்துக்கு ஒரு நாள்

சரியாகக் காலை ஏழு மணிக்கு, மூக்குக் கண்ணாடிக் கடை அக்கா இடது மணிக்கட்டிலிருந்து ஒரு கடிகாரத்தைக் கழற்றி, அடுத்ததைக் கட்டிக்கொள்கிறார். கழற்றியதை உடனே பெட்டியில் வைப்பதில்லை. அது ஏதோ சொல்லி முடிக்கட்டும் என்பதுபோலக் காதோரம் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார்.

கடையில் அவருக்கு இருபத்தாறு ஆண்டு வேலை. எள்ளளவு திருகாணிகளை முடுக்கி முடுக்கிப் பழகிய விரல்கள். அவர் மேசைக்கு எதிரே ஒரு சன்னல். மாலை ஆறேகாலுக்கு அதில் ஒரு நிறம் வந்து நிற்கும். நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. அந்த நிறத்தில் ஒரு கடிகார முகப்பு வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பெயரும் ‘ஆறேகால்’தான். நொடிமுள் கிடையாது. “நொடியைப் பாத்து யாரு என்ன சாதிச்சாங்க?” என்பார்.

கடிகாரத்துக்குள் ஓடும் இயந்திரத்தையும் வெளிக்கூட்டையும் மொத்தமாக வாங்கக் கையில் முதல் இல்லை. தங்கை இணையத்தில் கிரவுட்ஃபண்டிங் பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்தாள். செய்யப்போகும் கடிகாரத்தைக் காட்டி, விரும்புகிறவர்களிடம் முன்பணம் பெற்று, பிறகு செய்து அனுப்பும் ஏற்பாடு. நாற்பது பேர் சேர்ந்தாலே பெரிது என்று எண்ணிய அக்கா, தாமாகவே ஒரு வரி சேர்த்தார்: ‘ஒவ்வொரு கடிகாரமும் ஒரு முழு நாள் என் கையில் ஓடிய பிறகே உங்களிடம் வரும்.’ நூற்று இருபது நாளில் எல்லாருக்கும் அனுப்புவதாகவும் எழுதினார். சேர்ந்தவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர்.

“ரெண்டு கையிலயும் கட்டேன்க்கா. ஒரே நாள்ல ரெண்டு முடிஞ்சிடும்,” என்றாள் தங்கை.

“ஒருத்தரோட நாளைப் பிச்சு ரெண்டு பேருக்குக் குடுக்கச் சொல்றியா?”

“காலு ரெண்டும்கூடச் சும்மாத்தானே இருக்கு,” என்றார் பேருந்து ஓட்டும் கணவர், செய்தித்தாளைத் தாழ்த்தாமலே.

“மொதல்ல உங்க வாய்க்கு ஒண்ணு கட்டணும்.”

முகம் தெரியாத யாருடைய நாளிலோ நடப்பதாக நினைத்துக்கொண்டுதான் அக்கா தெருவில் நடப்பார். கடிகாரத்தோடு ஒரு சீட்டும் போகும். எண் 38-இன் சீட்டு: ‘மழை. எட்டு மூக்குக் கண்ணாடிகள். ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியில் மனைவியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.’ எண் 77: ‘காய்ச்சல். நாள் முழுக்கப் படுக்கை. மன்னிக்கவும். ஆனால் நல்ல கனவு வந்தது.’

நூற்றுப் பத்தாம் நாள் தங்கை பொறுமை இழந்தாள். “லேட்டுன்னு நாலு பேரு எழுதினாப் போதும்க்கா. அடுத்த தடவை ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்காது. ஆறேகால் பொறந்த வேகத்துலயே போயிடும்.”

அக்கா அன்றிரவே எழுத உட்கார்ந்தார். கெடுவுக்குள் முறை வராத இருபத்து மூன்று பேருக்கும் தனித்தனியே எழுதினார். யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன், காத்திருந்தால் மகிழ்வேன், கட்டிப் பார்க்காமலே போதும் என்றால் உடனே அனுப்புகிறேன்.

இருபத்திரண்டு பேர் காத்திருக்கச் சம்மதித்தார்கள். ‘என்னோடதை ஞாயித்துக்கிழமை கட்டுங்க. எனக்குத்தான் ஞாயிறு லீவே இல்ல’ என்று ஒரு செவிலியர் எழுதியிருந்தார். தங்கை அதை மூன்று முறை சத்தமாக வாசித்தாள். எண் 131 மட்டும் வேறு மாதிரி: ‘காத்திருக்க முடியாது. நாளைக்கே அனுப்பிவிடுங்கள்.’

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா கட்டியது 131-ஐத்தான்.

“இன்னைக்கே போயாகணும்க்கா!”

“போகும்டீ. தபாலாபீஸ் நாலு மணி வரைக்கும் இருக்கில்ல?”

கடைக்குப் போனார். வழக்கமான வேலை பார்த்தார். மூன்றரைக்கு அஞ்சலக வரிசையில் நின்றார். ஒரு மணிக்கட்டில் இன்னும் கழற்றாத கடிகாரம். மறு கையில் திறந்த வெற்றுப் பெட்டி. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. சன்னல் வெயில் தரையில் ஒரு கட்டம் நகர்ந்தது. முன்னால் நின்றவர் விலகினார்.

“அடுத்தது யாரு?” என்றாள் முத்திரை குத்தும் பெண்.

அக்கா பின்னால் திரும்பி, வியர்வையோடு நின்ற மனிதருக்கு ஒதுங்கி வழி விட்டார். “நீங்க போங்க. எனக்கு அவசரமில்ல.”

அவருக்குப் பின்னால் வந்த அம்மாளுக்கும்.